கமராவா, ஸ்கானா, மலப் பரிசோதனையா: திருமலைக்காரருக்கு எது முதலில்?

வயிற்றெரிவு மாதக்கணக்கில் விடாமல் இருந்தால், பார்மசியில் ஒமிப்பிரசோல் குளிசை வாங்கிப் போட்டு நாளைக் கடத்துகிறவர்கள் திருமலையில் நிறையப் பேர். அது சரிவராத அன்று பயந்துபோய் 'கமரா விட்டுப் பார்க்க' கொழும்புக்கு இரவு ரயில் ஏறுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் மலிவான, வலியில்லாத பரிசோதனைகள் இருக்கின்றன. எதை எப்போது செய்வது என்று தெரிந்தால் காசும் அலைச்சலும் மிச்சம். அதைவிட முக்கியம், ஆபத்தான நோயைக் கோட்டைவிடாமல் இருக்கலாம்.

முதலில் இரைப்பை. இரைப்பைப் புண்ணுக்கு உறைப்பும் கவலையும்தான் காரணம் என்று வைத்தியர்களே நம்பியிருந்த காலம் உண்டு. அவுஸ்திரேலிய வைத்தியர் பரி மார்ஷல் 1984 இல் ஹெலிகோபக்டர் பைலோரி என்ற கிருமியைத் தானே குடித்து, தன் இரைப்பையில் அழற்சி வருவதைக் காட்டினார். அவருக்கும் ரொபின் வொரனுக்கும் 2005 இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கிருமி இருக்கிறதா என்று அறிய மட்டும் என்டொஸ்கொபி, அதாவது வாய் வழியாகக் கமராக் குழாய் விட்டுப் பார்ப்பது, தேவையில்லை. மலப் பரிசோதனை போதும். யூரியா கலந்த பானத்தைக் குடித்து மூச்சை ஊதிக் கொடுக்கும் பரிசோதனையும் போதும். இரண்டையும் நம்பலாம். என் தெரிவு மலப் பரிசோதனைதான், சிறு போத்தலில் மாதிரி கொடுத்தால் வேலை முடிந்தது. ஆனால் நம் ஊர் வெயிலில் அந்தப் போத்தலை மூதூரிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ சும்மா பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவரக் கூடாது. ஐஸ் வைத்த பெட்டியில் கொண்டுவந்து அன்றே ஆய்வுகூடத்தில் சேர்த்துவிட வேண்டும். இரத்தத்தில் பார்க்கும் பரிசோதனை வேறு. கிருமி எப்போதோ வந்து போயிருந்தாலும் அது 'உண்டு' என்று காட்டக்கூடும். அதற்குக் காசைச் செலவழிக்க வேண்டாம்.

பார்மசிக் குளிசை சிக்கலாவதும் இங்கேதான். ஒமிப்பிரசோல் போட்டுக்கொண்டே பரிசோதித்தால் கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம். வைத்தியரிடம் கேட்டு இரண்டு கிழமைக்கு முன்பே அதை நிறுத்த வேண்டும். அன்ரிபயோட்டிக் என்றால் நான்கு கிழமை. இதைக் கேட்காமல் எடுத்த றிப்போட்டை வைத்துக்கொண்டு 'எனக்கு ஒன்றுமில்லை' என்று இருந்துவிடாதீர்கள்.

சரி, எப்போது நேரே கமரா? விழுங்கக் கஷ்டம், காரணமில்லாமல் மெலிவு, இரத்த வாந்தி, தார் மாதிரிக் கறுத்த மலம், இரத்தச்சோகை, ஐம்பத்தைந்து அறுபது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய எரிவு. இவற்றில் ஒன்று இருந்தாலும் மலப் பரிசோதனையில் மினக்கெடக் கூடாது. இரத்த வாந்தியோ கறுத்த மலமோ என்றால் கிளினிக் நாள் வரைக்கும் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். (இரும்புச்சத்துக் குளிசை போடுகிறவர்களுக்கும் மலம் கறுக்கும், அதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.) என்டொஸ்கொபி புண்ணைக் கண்ணால் பார்க்கும், சந்தேகமான இடத்தில் சிறு துண்டு எடுக்கும், இரத்தம் கசிந்தால் அங்கேயே நிறுத்தும். பேரியம் குடித்து எக்ஸ்ரே எடுப்பதால் இதில் எதுவும் ஆகாது.

அங்கே போனதும் இன்னொரு தெரிவு வரும்: தொண்டையை விறைக்கவைக்கும் ஸ்பிரேயா, மயக்க ஊசியா? ஸ்பிரே கசக்கும், தொண்டை தடித்து, எச்சில் விழுங்குவதே தெரியாமல் போகும். குழாய் ஏறக்குறைய சுண்டுவிரல் பருமன். உள்ளே போகும்போது ஓங்காளிக்கும், ஆனால் மூச்சு அடைக்காது. ஐந்து பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். விறைப்புப் போனதும் தேத்தண்ணி குடிக்கலாம், தனியாகவே பஸ் ஏறலாம். ஊசி போட்டால் நடந்தது பெரும்பாலும் நினைவிருக்காது. ஆனால் கூட ஒருவர் வர வேண்டும், 24 மணித்தியாலம் மோட்டார் சைக்கிள் தொடக் கூடாது. தூரத்திலிருந்து தனியாக வருகிறவருக்கு ஸ்பிரேதான் நல்லது. மிகவும் பயந்த சுபாவம் என்றால் கூச்சப்படாமல் ஊசியைக் கேளுங்கள்.

வலது விலாவுக்குக் கீழே வந்து முதுகுக்குப் பரவும் வலிக்கு என்டொஸ்கொபியில் விடை கிடைக்காது. வெறும் வயிற்றில் ஒரு அல்ட்ராசவுண்ட் ஸ்கான் எடுத்தால் பித்தப்பைக் கல் தெரிந்துவிடும். கல் பித்தக் குழாயில் இறங்கியிருந்தால் அந்த ஸ்கானுக்குத் தப்பக்கூடும், அப்போது எம்.ஆர்.சி.பி. என்ற காந்த ஸ்கான். ஈ.ஆர்.சி.பி. குழாய் விட்டுக் கல்லை எடுத்தே விடும், ஆனால் அதற்குப் பிறகு நூறு பேரில் மூன்று முதல் பத்துப் பேருக்குக் கணைய அழற்சி வருவதுண்டு. ஆகவே பார்ப்பதற்கு எம்.ஆர்.சி.பி., எடுப்பதற்கு ஈ.ஆர்.சி.பி.

பெருங்குடலுக்கு, ஆசனவாய் வழியாகக் கமராக் குழாய் விடும் கொலனொஸ்கொபியும், சி.டி. ஸ்கானால் குடலைப் படமெடுக்கும் சி.டி. கொலனோகிராபியும் போட்டி. சி.டி.க்கு மயக்க ஊசி வேண்டாம். ஆனால் குடலைக் கழுவும் பாடு அதற்கும் பெரும்பாலும் உண்டு, சிறு தசைமுளைகள் அதன் கண்ணுக்குத் தப்பும், ஏதாவது தெரிந்தால் எப்படியும் கொலனொஸ்கொபிதான். அது முளையைக் கண்ட இடத்திலேயே வெட்டி எடுக்கும். குடல் துளைபடும் ஆபத்து, பார்ப்பதோடு நின்றால், ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. உடம்பு தாங்குமென்றால் நான் கொலனொஸ்கொபி பக்கம்.

கஷ்டம் அதற்கு முந்திய நாள்தான். இரண்டு மூன்று நாளைக்குச் சிவப்பரிசி, குரக்கன், கீரை, முருங்கைக்காய், கொய்யா எல்லாம் தள்ளிவைத்து, வெள்ளைச்சோறு, பாண், முட்டை, மீன் என்று சாப்பிட வேண்டும். பரிசோதனைக்கு முந்திய நாள் பால் விடாத தேத்தண்ணியும் தெளிந்த சூப்பும் மட்டும், பீற்றூட் நிறத்தில் எதுவும் வேண்டாம். கழிவு மருந்தில் பாதியை இரவிலும் மீதியைக் காலையிலும் குடித்தால் குடல் நன்றாகத் துப்புரவாகும். சீனி வியாதிக்காரரும் இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை போடுகிறவரும் அந்த மருந்துகளின் அளவை முன்கூட்டியே கேட்க வேண்டும். வழியில் கழிப்பறை தேடி அலையாமலிருக்க, தூரத்தில் இருப்பவர்கள் முதல் நாளே ஊருக்குள் உறவினர் வீட்டில் தங்குவது நல்லது. பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் துண்டு போடும்போதே இங்கே செய்வார்களா, மட்டக்களப்புக்கோ அநுராதபுரத்துக்கோ கண்டிக்கோ அனுப்புவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லை, முறை வரத்தான் நாள் எடுக்கும்.

அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு, மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைத் தேடும் பரிசோதனை நல்ல தொடக்கம். கண்ணுக்கே இரத்தம் தெரிகிறவருக்கு அது உதவாது. மூலம் இருப்பது உண்மைதான் என்றாலும், மலம் போகும் வழக்கம் மாறி, உடம்பும் மெலிந்து வந்தால், மூலத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம். கொலனொஸ்கொபிக்குத் திகதி கேளுங்கள்.