பீடம் இருந்த இடத்தில் காபி: மாஸ்ட்ரிக்ட் டொமினிக்கன் புத்தகக் கடை

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில், 13ஆம் நூற்றாண்டில் டொமினிக்கன் என்ற கத்தோலிக்கத் துறவற சபையினர் எழுப்பிய, கூர்முனை வளைவுகள் கொண்ட கோதிக் பாணித் தேவாலயத்துக்குள் 2006 முதல் புத்தகக் கடை ஒன்று இயங்கி வருகிறது. 1794இல் பிரெஞ்சுப் படை நகரைக் கைப்பற்றியதையொட்டி இங்கே வழிபாடு நின்றுபோனது. பிறகு குதிரை லாயம், கிடங்கு, சைக்கிள் நிறுத்துமிடம் என்று இக்கட்டடம் படாத பாடு பட்டது. தேவாலயம் கடையாகிவிட்டது என்றதும், மக்கள் மதநம்பிக்கை இழந்ததே காரணம் என்று தோன்றலாம். அந்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் மதம் சாராதவர்கள் 2017இல் பாதியைத் தாண்டினர் என்பது உண்மைதான்; ஆனால் இந்தத் தேவாலயத்தை மூடியது மக்களின் அவநம்பிக்கை அன்று, படைபலம்.

நுழைந்ததும் கண்ணில் படுவது, பழைய சுவர்களோடு ஒட்டாமல் தனித்து நிற்கும்படி ஒருபக்கமாக அமைக்கப்பட்ட, மாடி மாடியாக உயரும் கறுப்பு எஃகு அலமாரி. அதன் படிகளில் ஏறினால், தரையிலிருந்து அண்ணாந்து பார்க்க வேண்டிய கூரை ஓவியங்கள் எட்டிப் பிடிக்கும் தூரத்துக்கு வந்துவிடுகின்றன. வழிபாடு நடந்த காலத்தில் சாதாரண பக்தர் எவருக்கும் இந்தக் காட்சி வாய்த்திருக்காது. டொமினிக்கன் துறவியும் இறையியலாளருமான தாமஸ் அக்வினாஸின் வாழ்வைச் சொல்லும் 14ஆம் நூற்றாண்டுச் சுவரோவியத்தின் மிச்சமும் இங்கே உண்டு.

பீடம் இருந்த பகுதியில் காபிக் கடையும் சிலுவை வடிவ மேசையும் உள்ளன. அந்த மேசை மட்டும் எனக்குச் சற்று மிகையாகப்பட்டது. மற்றபடி, வடிவமைப்பாளர்கள் கட்டடத்தின் மரியாதைக்குப் பங்கம் வராமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நூல்களில் பெரும்பாலானவை டச்சு மொழியில்தான் என்றாலும், ஆங்கில நூல்களும் கிடைக்கின்றன. உள்ளே செல்லக் கட்டணம் இல்லை.