வலென்சியா மெர்காடோ சென்ட்ரால்: புதிதாகப் படிக்க வருபவர்களுக்கு என் சிபாரிசு

ஸ்பெயினில் உள்ள வலென்சியாவுக்கு மேற்படிப்புக்கு வந்த முதல் இரண்டு வாரம் வகுப்பைத் தவிர வேறெங்கும் நான் வாயே திறக்கவில்லை. பெனிமக்லெட் என்ற பகுதியில் அறை, பக்கத்திலேயே சூப்பர் மார்க்கெட். கூடையில் போடு, கார்டைத் தட்டு, வெளியே வா. ஸ்பானிஷில் ஒரு சொல் பேசாமல் அங்கே வருஷக்கணக்கில் சாப்பிட்டுவிடலாம். என்னோடு தங்கியிருந்த கொலம்பியப் பெண்தான் ஒரு சனிக்கிழமை காலையில் என் கதவைத் தட்டி, "கிளம்பு, சந்தைக்குப் போகலாம்" என்றாள். அன்றிலிருந்து ஏழு மாதமாக வாரம் தவறாமல் போகிறேன். இங்கே படிக்க வரும் யாரும் முதல் வாரத்திலேயே போக வேண்டிய இடம் மெர்காடோ சென்ட்ரால் என்ற அந்த மத்தியச் சந்தைதான் என்பேன்.

மெட்ரோ 3-ஆம் லைனில் சாத்திவா நிலையத்தில் இறங்கினால் பத்து நிமிட நடை. 1928-இல் திறந்த கட்டடம். இரும்பும் கண்ணாடியும் ஓடுமாக எட்டாயிரம் சதுர மீட்டருக்கு மேல் பரந்து கிடக்கிறது. நடுக் குவிமாடத்துக்குக் கீழே காலை வெளிச்சம் விழும்போது தலையைத் தூக்கிப் பார்க்காதவர் இருக்க முடியாது. ஆனால் நான் போவது கட்டடத்துக்காக இல்லை.

முதல் நாள் மீன் கடை முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். வரிசை என்று ஒன்றும் இல்லை. நானும் நின்றேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் வாங்கிப் போகிறார்கள், கடைக்காரம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. இருபது நிமிடம் ஆனதும், வெளியூர்க்காரி என்பதால்தான் இப்படி என்று மனசுக்குள் முடிவே கட்டிவிட்டேன். தொண்டை அடைத்தது. பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி என் முழங்கையைத் தொட்டு, நிறுத்தி நிறுத்திச் சொல்லிக் கொடுத்தார். கடைக்கு வந்ததும் முதலில் "கியேன் எஸ் எல் உல்திமோ?" என்று கேட்க வேண்டும். கடைசி ஆள் யார் என்று அர்த்தம். ஒருவர் கையைத் தூக்குவார். அவருக்கு அடுத்து நீ. அடுத்து வருபவர் கேட்டால் நீ "யோ", அதாவது நான், என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வரிசை. அதற்கப்புறம் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், எதிர்க்கடையில் ஆலிவ்கூடப் பார்த்துக்கொண்டிருக்கலாம். நான் கேட்காததால் அங்கே இருந்த யாருக்கும் நான் வரிசையில் இருப்பதே தெரியவில்லை. இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

இரண்டாவது பாடம் எடைக்கல்லில். எனக்கு முன்னால் நின்றவர் ஏதோ ஒன்றில் "குவார்தோ இ மிதாத்" கேட்டார். குவார்தோ என்றால் கால், மிதாத் என்றால் பாதி. இரண்டையும் கூட்டி முக்கால் கிலோ என்று நினைத்துக்கொண்டேன். தராசில் காட்டியது 375 கிராம். வீட்டுக்குப் போகும் வழியில்தான் பிடிபட்டது: கால் கிலோவும் அந்தக் காலில் பாதியும். நம் தாத்தா கணக்கில் கால், அரைக்கால்! இதைக் கண்டுபிடித்த அன்று மெட்ரோவில் எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சமில்லை. இப்போது நெத்திலி வாங்கும்போதெல்லாம் குவார்தோ இ மிதாத்தான் கேட்கிறேன். ஒருத்திக்கு அது சரியான அளவு.

ஆமாம், நெத்திலி கிடைக்கும். இங்கே போக்கெரோன் என்பார்கள். நம் நெத்திலிக்கு நெருங்கிய சொந்தம், கொஞ்சம் பெரிது. சுத்தம் செய்து தரவா என்று கேட்டு, கேட்ட மாதிரியே செய்து தருவார்கள். மெர்லூசா மீன் வாங்கினால் தலையையும் கேட்டு வாங்குங்கள், குழம்புக்கு அதுதான் ருசி. உப்பில் போட்ட பக்கலாவ், அதாவது காட் மீன், விற்கும் கடைகளைத் தாண்டும்போது கருவாட்டு வாசம் வந்து நெஞ்சில் இடிக்கும். வாங்கினால் ஒரு நாளுக்கு மேல் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும். அவசரப்பட்டுச் சமைத்தால் வாயில் வைக்க முடியாது.

காய்கறிப் பக்கம் எனக்கு இன்னும் பிரியம். பாயெய்யா என்ற இந்த ஊர் அரிசிச் சாப்பாட்டில் போடும் ஃபெர்ராவுரா என்ற தட்டைக் காய் பொரியலுக்கு நம் அவரைக்காய் போலவே அமைகிறது. கார்ரோஃபோ என்ற வெள்ளைப் பயறு பெரிய மொச்சை மாதிரி. புளிக்குழம்பில் போட்டேன், அருமை. ஒரு விஷயம் கவனம்: பழத்தைத் தொட்டுப் பொறுக்கக் கூடாது, கடைக்காரர்தான் எடுத்துத் தருவார். முதலில் எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அவர்கள் "இன்றைக்கா, நாளைக்கா?" என்று கேட்டு, எப்போது சாப்பிடுவோமோ அதற்கேற்ற பழுத்த பதம் பார்த்துத் தருகிறார்கள். ஏமாந்ததே இல்லை.

கொத்தமல்லி என்று நினைத்து நான் கை காட்டியது பெரெஹில், அதாவது பார்ஸ்லி. இலை அச்சு அசல் அதே மாதிரி, ரசத்தில் போட்டால் வாசமே இல்லை. அடுத்த வாரம் கொத்தமல்லிக்கான "சிலாந்த்ரோ" என்ற சொல்லோடு போனேன். காய்கறிக்கார அம்மா ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி என் மூக்கருகே நீட்டினார். "இதுதானே, ரெய்னா?" ரெய்னா என்றால் ராணி. வாங்க வருகிற எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார், தெரியும். இருந்தாலும் எனக்கு அது ராசாத்தி என்றுதான் கேட்டது.

குறையும் உண்டு. மூன்று மணிக்கு மூடிவிடுவார்கள், ஞாயிறு விடுமுறை. இரண்டு மணிக்கு வகுப்பு முடிந்து ஓடி வந்தால் மீன் பலகையைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். நம் மாதிரி மாணவர்களுக்கு சனிக்கிழமையை விட்டால் வழியில்லை. வாசல் ஓரமாகக் கப்பில் வெட்டி வைத்த பழமும் ஜூஸும் சுற்றுலாக்காரர்களுக்கான விலை. அதைப் பார்த்து இந்தச் சந்தையே விலை அதிகம் என்று திரும்பிவிடாதீர்கள், உள்ளே தள்ளிப் போங்கள். கறிவேப்பிலை இதுவரை ஒரு கடையிலும் என் கண்ணில் படவில்லை. பாயெய்யாவுக்கு என்று விற்கும் பொம்பா அரிசி சாதத்துக்கு வேண்டாம். விலையும் கூடுதல், குழம்பை ஊற்றினால் நம் சாதம் மாதிரி சேராது.

காலை ஏழரைக்குத் திறக்கிறார்கள். சனிக்கிழமை ஒன்பதுக்குள் போய்விடுங்கள். பதினொன்றுக்கு மேல் கேமராவோடு வரும் கூட்டத்தில் நடக்கவே இடம் இருக்காது, கடைக்காரர்களுக்கும் பேச நேரம் இருக்காது. திங்கட்கிழமை மீனுக்குப் போகாதீர்கள், வார இறுதியில் படகுகள் கடலுக்குப் போவதில்லை. கெட்டியான துணிப்பை ஒன்றும் கொஞ்சம் சில்லறையும் வைத்துக்கொள்ளுங்கள். போகிற வழியிலேயே அந்த ஒரு வாக்கியத்தை நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்: கியேன் எஸ் எல் உல்திமோ?