முழம் போட்டு விற்காத பூக்கள்: ஒரு நாற்றுப்பண்ணை பற்றி

செடி வாங்கிய மறுநாள் எழுதினால் கடையின் நிழல்வலையைப் பற்றித்தான் எழுத முடியும். பூவைப் பற்றி எழுதப் பூக்கும்வரை பொறுக்க வேண்டியிருந்தது. 2022 ஜூனில் வாங்கியவற்றைப் பற்றி 2025இல் எழுதுகிறேன்.

நான் திண்டுக்கல்லில் தையல் கடை வைத்திருக்கிறேன். வீடு மாடியில், அதற்கு மேலே மொட்டைமாடி. எங்கள் பக்கத்தில் மல்லிகைக்கும் கனகாம்பரத்துக்கும் பஞ்சமில்லை. நிலக்கோட்டைச் சந்தையில் மூட்டை மூட்டையாக இறங்குகிறது. முழம் போட்டு வாங்கக் கிடைப்பதை மாடியில் ஏன் வளர்க்க வேண்டும்? எந்தப் பூக்காரியின் கூடையிலும் இல்லாத பூ வேண்டும் என்று ஊருக்கு வெளியே உள்ள ஒரு நாற்றுப்பண்ணைக்குப் போனேன். அதன் பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறை பல கடைகளில் இருக்கக்கூடியது. ஒருவரை மட்டும் நிறுத்திக் கேட்பது நியாயமில்லை.

கடைக்காரர் அறுபது வயதுக்காரர். கன்றுகளைப் பெரும்பாலும் வெளியே வாங்கி விற்பதில்லை, பின்கட்டில் தாமே பதியன் போடுகிறார். எது பதியன், எது விதைக் கன்று என்று கேட்டால் மறைக்காமல் சொல்கிறார். மனோரஞ்சிதத்தில் இது முக்கியம். விதைக் கன்று என்றால் பூவுக்கு வெகுகாலம் காத்திருக்க வேண்டும். அன்று வாங்கியவை: செங்காந்தள் கிழங்கு இரண்டு, மனோரஞ்சிதப் பதியன் ஒன்று, பிரம்ம கமலம் ஒரு பை, நீல அடுக்குச் சங்கு விதை ஒரு பொட்டலம். சங்கு போட்டதெல்லாம் முளைத்தது, இன்றும் கைப்பிடிச் சுவர் முழுக்கப் பூக்கிறது. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

செங்காந்தளுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கிழங்குகளை மணல் நிரப்பிய மரப்பெட்டியில் புதைத்து வைத்திருந்தார். ஒவ்வொன்றும் ஏர்க்கலப்பை போல வளைந்து இரண்டு கிளையாகப் பிரிந்திருந்தது. கலப்பைக் கிழங்கு என்ற பெயர் அதனால்தான் வந்தது. கிளையின் நுனியில் வெளுத்த ஒரு முனை. "தங்கச்சி, முளை இந்த முனையில் மட்டும்தான் வரும். இது உடைந்தால் கிழங்கு வீண்" என்று சொல்லி, செய்தித்தாளில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கொடுத்தார். படுக்கை வாக்கில், நான்கு விரல் ஆழத்தில் நடச் சொன்னார். அப்படியே செய்தேன். ஒன்று முளைத்தது, மற்றது முளைக்கவில்லை. தோண்டி எடுத்துக் காட்டியபோது, முனை முன்பே கருகியிருந்ததைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வேறு கிழங்கு கொடுத்தார். அந்த நேர்மையை நான் மறக்கவில்லை.

கொடி பிடித்து ஏறும் விதம் பார்க்க வேண்டியது. தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது; இலையின் நுனியே நீண்டு, சுருண்டு, கம்பியைச் சுற்றிக்கொள்கிறது. செப்டம்பரில் முதல் மொட்டு பச்சையாகத் தலைகுனிந்து தொங்கியது. விரிந்த நாளில் இதழ்கள் மஞ்சள் கலந்த பச்சை. அடுத்த நாட்களில் நுனியிலிருந்து சிவப்பு இறங்கியது. அடியில் மஞ்சள் மிஞ்சியது. கடைசியில் அதுவும் சிவந்தது. ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடங்கி நிற்கும். ஓரங்கள் நெளிந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் ஓரம் அடிக்காத ஜார்ஜெட் துணியைக் கிராஸில் வெட்டினால் சுருளுமே, அது எனக்கு நினைவுக்கு வரும். நடுவில் சூல்தண்டு மட்டும் நேராக நிற்காமல் ஒரு பக்கமாகச் சட்டென்று மடிந்து, மகரந்தத்தை விட்டு விலகி நீட்டிக்கொண்டிருக்கும். தன் மகரந்தம் தன்மேல் எளிதில் விழாதபடி அமைந்த பூ. ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் இதை விதைக்காக வயலாகவே பயிரிடுகிறார்கள். அங்கே பூப்பூவாகக் கையால் மகரந்தம் சேர்த்துவிட ஆள் போகிறது. என் மாடியில் எந்த வண்டு வந்ததோ, நான் ஒன்றும் செய்யாமலே மூன்று காய் பிடித்தது.

டிசம்பரில் கொடி மஞ்சளாகி, அடியோடு காய்ந்தது. கடைக்குத் தொலைபேசியில் கேட்டேன். எடுத்த பையன், "செத்துவிட்டது அக்கா. பிடுங்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கிக்கொள்ளுங்கள்" என்றான். எனக்கு மனம் வரவில்லை, தொட்டியை அப்படியே விட்டேன்.

தை மாதம் ஒட்டன்சத்திரத்துப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா ரவிக்கை தைக்க வந்தார். காற்றாட மாடிக்கு அழைத்துப் போனேன். அங்கே என் மகள், அப்போது நான்கு வயது, செப்புச் சாமான் பரப்பி விளையாடிக்கொண்டிருந்தாள். சின்னப் பானைக்குள் சிவப்புச் சிவப்பாக விதைகள். காய்ந்த காயை உரித்து எடுத்திருக்கிறாள். சோறு பொங்குகிறாளாம். அந்த அம்மா பானையைப் பிடுங்கிக் கவிழ்த்தார். "கண்ணு, இது கண்வலிக்கிழங்கு. கொல்லும் விஷம். எங்கள் காட்டில் ஆட்டைக்கூட அண்டவிட மாட்டோம்." பிள்ளையின் வாயைத் திறந்து விரல்விட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பொங்கி முடிந்தால்தானே சாப்பிடுவது, அதனால் சாப்பிடவில்லை என்று அவளே சொன்னாள். அன்று மாலை என்னால் தையல் இயந்திரத்தை மிதிக்க முடியவில்லை.

கிழங்கு, இலை, விதை எல்லாவற்றிலும் விஷம் இருக்கிறது. கோல்சிசின் என்ற அந்தப் பொருளை மருந்துக்குப் பிரித்தெடுக்கத்தான் விதை வெளிநாடு போகிறது. உண்ணும் கிழங்கு என்று நினைத்து வேகவைத்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. தமிழ்நாட்டின் மாநிலப் பூ என்று பெருமையாகச் சொல்லி விற்ற கடைக்காரர், இதை மட்டும் சொல்லவில்லை. முனை உடையக்கூடாது என்று கிழங்கின்மேல் காட்டிய அக்கறையில் பாதியை வாங்குகிறவர் வீட்டுப் பிள்ளையின்மேல் காட்டியிருக்கலாம். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்தான் கொடுப்பேன். அந்த இரண்டும் போனது இதற்காகத்தான்.

செடி சாகவில்லை என்பதையும் அந்த அம்மாதான் சொன்னார். காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றக்கூடாது, ஊற்றினால் கிழங்கு அழுகும். ஆனி வரை தூங்கட்டும் என்றார். அடுத்த ஜூனில் தானாக முளை கிளம்பியது. பழைய கிழங்கு வற்றி, அதன் இடத்தில் புதுக் கிழங்கு கவைவிட்டிருந்தது. இப்போது தொட்டி கம்பிவலைக்குப் பின்னால் இருக்கிறது. காய் பிஞ்சிலேயே கிள்ளிவிடுகிறேன், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். எடுத்து எறிந்துவிடு என்று மாமியார் சொன்னார். எறிய முடியவில்லை. சங்கப் பாட்டில் பெண்களின் விரலுக்கு உவமையாக நின்ற பூ; அது என் மாடியில் விரியும்போது எப்படி எறிவேன்?

மனோரஞ்சிதம் 2024இல் பூத்தது. பதியன் என்று அவர் சொன்னது உண்மை. பூ முதலில் இலை நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. மஞ்சளாகப் பழுக்கும்போது பழவாசம் வந்து தானே காட்டிக்கொடுக்கும். பூக்காம்பு கொக்கி போல வளைந்து கொடியைத் தாங்குகிறது. ஒரு பூவைக் கிண்ணத் தண்ணீரில் போட்டுக் கடையில் வைத்தால், அளவு கொடுக்க வருகிறவர்கள் பலாப்பழமா என்று கேட்கிறார்கள். பாம்பு வரும் என்று பயமுறுத்தினார்கள். இதுவரை வந்தது அணில் மட்டுமே.

பிரம்ம கமலத்தின் பையில் "இமயமலை" என்று அட்டை கட்டியிருந்தது. அது சரியில்லை. இமயத்தில் வளரும் பிரம்ம கமலம் வேறு, உத்தராகண்டின் மாநிலப் பூ. நம் வெயிலில் அது பிழைக்காது. நாம் தொட்டியில் வைப்பது மெக்சிகோ பக்கத்துக் கள்ளி வகை. இலை போலத் தெரிவதே தண்டு, அதன் ஓரத்துப் பள்ளத்திலிருந்து மொட்டு வரும். ஆனால் பூவின்மேல் எந்தக் குற்றமும் இல்லை. போன ஆண்டு ஆகஸ்டில், தொங்கிய மொட்டு கழுத்தை மேலே தூக்கிய மாலையில், நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். எட்டரைக்கு நுனி பிரிந்தது. பதினொன்றுக்கு உள்ளங்கையைவிடப் பெரிய வெள்ளைப் பூ, உள்ளே நூல் நூலாக மகரந்தத் தண்டுகள். காலையில் துவைத்த துணி போலத் தொங்கிவிட்டது.

போன மாதம் கடைக்குப் போய் இவ்வளவையும் அவரிடம் சொன்னேன். செப்புப் பானையைப் பற்றிச் சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டார். "எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும், அதனால் சொல்லத் தோன்றவில்லை தங்கச்சி" என்றார். "டவுனில் இருக்கும் எங்களுக்குத் தெரியாது அண்ணே" என்றேன். ஒரு அட்டை வாங்கி, பெரிய எழுத்தில் நானே எழுதினேன்: கண்வலிக்கிழங்கு. விஷம். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் நடவும். தொட்ட கையைக் கழுவவும். அவர் அதை மணல் பெட்டியின் மூடியில் ஆணி அடித்தார். அடுத்த ஜூனில் கிழங்கு வரும்போது அந்த அட்டை இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பேன்.