தேக்காவில் ஆறு சனிக்கிழமை: படத்தை மேசையில் பரப்பி விமர்சிக்கும் வகுப்பு

சிங்கப்பூரின் தேக்கா பக்கம் தமிழிலேயே நடக்கும் ஆறு வாரப் புகைப்பட வகுப்பு இது. படத்தின் வெளிச்சத்தைத் தீர்மானிக்கும் ஷட்டர் வேகம், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ மூன்றும் கைக்குப் பழகி, அதற்குமேல் எப்படி வளர்வது என்று புரியாமல் நிற்பவர்களுக்குப் பொருந்தும். கேமராவை இப்போதுதான் பெட்டியிலிருந்து எடுத்தவர்கள் முதல் வாரத்திலேயே திணறுவார்கள்.

வாரம் ஆறு படங்களை 4ஆர் அளவில் (4×6 அங்குலம்) அச்சிட்டுக் கொண்டுவர வேண்டும். கைப்பேசியில் காட்டினால் ஏற்றுக்கொள்வதில்லை. அதுதான் சரி. திரையின் பளிச்சென்ற ஒளியில் இருண்ட மூலைகூடத் துலங்கிவிடும். ஒரு படம் பிடிக்காவிட்டால் விரல் தானாகத் தள்ளிவிடும். மேசையில் ஆறும் அருகருகே கிடக்கும்போது தப்பிக்க வழியில்லை. நான்கு படங்கள் நின்றபடியே, ஒரே உயரத்திலிருந்து எடுக்கப்பட்டவை என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

விமர்சனம் நடக்கும் விதம்தான் இந்த வகுப்பின் உயிர். பத்துப் பேர், ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம். முதல் மூன்று நிமிடம் படமெடுத்தவர் வாய் திறக்கக் கூடாது. 'நல்லா இருக்கு' என்ற சொல்லுக்கும் தடை. கண் முதலில் எங்கே போகிறது, பிறகு எங்கே, எந்த ஓரத்தில் படத்தைவிட்டு நழுவுகிறது என்று மட்டும் மற்றவர்கள் சொல்ல வேண்டும். அதன்பிறகுதான் எடுத்தவர் தன் எண்ணத்தைச் சொல்லலாம். அவர் நினைத்ததற்கும் மற்றவர்கள் கண்டதற்கும் உள்ள இடைவெளியே அடுத்த வார வேலை.

கேம்பல் லேனில் மாலை கட்டும் கைகளை எடுத்த ஒரு படம் நல்ல உதாரணம். முன்னால் மல்லிகைக் குவியல், பின்னால் இருட்டான கடை உட்புறம். இருட்டு அதிகமாக இருந்ததால் கேமரா மொத்தக் காட்சியையும் வெளிச்சமாக்கிவிட்டது. மல்லிகை இதழே தெரியாமல் பஞ்சுப்பொதியாக வெளுத்துப்போனது. சொன்ன திருத்தம் எளிது: எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறை (அதாவது ஒளியைப் பாதியாக்கு), அரை அடி பக்கவாட்டில் நகர்ந்து வெளிச்சம் கைமேல் சாய்வாக விழும்படி நில். அடுத்த வாரப் படத்தில் ஒவ்வொரு மொட்டும், விரலிடுக்கில் இழுபடும் நாரும் தெளிவாக வந்திருந்தன. ஆனால் இம்முறை மூலையில் ஒரு நீலப் பிளாஸ்டிக் வாளி கண்ணைப் பறித்தது. மீண்டும் போக வேண்டியதுதான். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகவைக்கும் இந்தப் பிடிவாதத்துக்காகவே சேரலாம்.

கடைகளின் எல்இடி விளக்கில் படத்தில் கோடு கோடாக விழும் சிக்கலையும் நன்றாகவே விளக்குகிறார்கள். சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை 1/100 அல்லது 1/50-இல் வைத்தால் பெரும்பாலும் கோடு மறைந்துவிடும். எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்து மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுவது இன்னும் நல்லது.

குறைகளும் உண்டு. தெருவில் படமெடுக்கும் நேரம் பிற்பகல் மூன்று மணி. அந்த வெயிலில் முகத்தில் கண்குழிதான் தெரியும். இங்கே ஆண்டு முழுவதும் சூரியன் மாலை ஏழு மணியை ஒட்டித்தான் மறைகிறது. ஐந்தரைக்குத் தொடங்கினால் சாய்ந்த ஒளி அஞ்சடிக்குள்ளும், அதாவது கடைகளின் முன்னுள்ள கூரையிட்ட நடைபாதைக்குள்ளும், வரும். எந்த லென்ஸ் தேவை என்றும் முன்கூட்டியே சொல்வதில்லை. ஏபிஎஸ்-சி கேமராவில் (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார் கொண்டது) 50 மி.மீ. லென்ஸ் மாட்டினால் காட்சி குறுகிவிடும், அஞ்சடியில் பின்னால் நகர இடம் போதாது. 23 அல்லது 24 மி.மீ. எடுத்துப்போங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து தெருவுக்கு இறங்கியதும் லென்ஸ் கண்ணாடியில் பனி படியும், துடைத்தால் மறுபடி படியும். கேமராவைப் பைக்குள்ளேயே அரைமணி நேரம் வைத்துப் பிறகு திறப்பதே வழி.

பெரிய குறை கடைசி வாரம். முப்பத்தாறு படங்களிலிருந்து எட்டைத் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்துவதை ஒரே அமர்வில் அவசரமாக முடிக்கிறார்கள். இரண்டு அமர்வாவது வேண்டும். மூன்றாம் வாரத்திலிருந்தே பழைய அச்சுகளை வீட்டில் பரப்பி, எதன் பக்கத்தில் எது நிற்கிறது என்று மாற்றி மாற்றிப் பார்த்துவையுங்கள்.

அச்சுச் செலவு கட்டணத்தில் சேராது. பளபளப்பில்லாத மேட் தாளில் அச்சிடச் சொல்லுங்கள். வகுப்பறைக் குழல்விளக்கு மேசைக்கு நேர்மேலே இருப்பதால், பளபளத் தாளில் பாதிப் படம் தெரியாது.