நினைவுக்கல் தேடிப் போகிறவருக்கு எந்த வண்டி? கோத்தகிரியில் எடுத்த ஒரு நாள் வாடகைக் கார்

சாலையோரத்து நினைவுக்கற்களையும் பழைய கட்டடங்களின் வாசலில் பதித்த கல்வெட்டுகளையும் நேரில் பார்த்துப் படமெடுத்துச் சேர்ப்பது மூன்று ஆண்டுகளாக எனக்குப் பழக்கமாகிவிட்டது. கோவையைச் சுற்றி இருப்பவற்றையெல்லாம் பேருந்திலேயே போய்ப் பார்த்துவிட்டேன். நீலகிரியில் அது நடக்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில்தான் நிற்கும், கல் இருக்கும் இடத்தில் நிற்காது. எனவே சென்ற மாதம் கோத்தகிரி டாக்சி ஸ்டாண்டில் ஒரு நாளைக்குக் கார் எடுத்தேன். இதே வேலையாகப் போகிற வேறு யாருக்காவது உதவும் என்பதால் அதைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய கசப்பைச் சொல்லிவிட வேண்டும். போன ஆண்டு ஊட்டியில் ஒரு பயண ஏற்பாட்டாளரிடம் வண்டி எடுத்தபோது, ஒன்பது இடங்கள் அச்சடித்த சீட்டு ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அதில் இல்லாத இடத்தில் இரண்டு நிமிடம் நிறுத்தச் சொன்னதற்கு அந்த ஓட்டுநர் முகம் சுளித்ததும், சாக்லேட் கடை வாசலில் மட்டும் அரை மணி நேரம் தாராளமாக நிறுத்தியதும் இன்னும் மறக்கவில்லை. அதனால் இந்த முறை பேரம் பேசுமுன்பே, “பார்க் எதுவும் வேண்டாங்க, கல்லும் பலகையும்தான் பார்க்கணும்” என்று சொல்லிவிட்டேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க, நீலகிரியின் படகர் சமூகத்தைச் சேர்ந்த ஓட்டுநர் ஒருவர், “அப்படின்னா கன்னேரிமுக்கிலிருந்து ஆரம்பிக்கலாங்க சார்” என்றார். அந்த ஒரு பதிலுக்காகவே அவருடைய வண்டியில் ஏறினேன்.

அவர் சொன்னது சரிதான். ஊட்டி நகரத்தை உருவாக்கியவரும் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்தவருமான ஜான் சலிவன் 1819இல் மலையேறி வந்து முகாமிட்டது உதகையில் அல்ல, கோத்தகிரிக்குப் பக்கத்துத் திம்பட்டிப் பகுதியில். அவர் கட்டிய பெத்தகல் பங்களா கன்னேரிமுக்கில் சீரமைக்கப்பட்டு, இப்போது சலிவன் நினைவகமாக இருக்கிறது. உள்ளே பழைய படங்களும் ஆவணங்களும் உண்டு. ஊட்டியிலிருந்து கிளம்பும் வழக்கமான சுற்றுலாச் சீட்டுகளில் நான் இந்த இடத்தைப் பார்த்ததே இல்லை. கதையின் தொடக்கத்தை விட்டுவிட்டு நடுவிலிருந்து சொல்வது போன்றதுதான் அது.

ஊட்டியில் முதலில் ஸ்டோன் ஹவுஸ். சலிவன் 1822இல் கட்டத் தொடங்கிய அந்தக் கல் பங்களா இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருப்பதால் வாயிலில் கேட்டுத்தான் நுழைய வேண்டும். எனக்காக முன்னால் போய்க் காவலரிடம் பேசியவர் ஓட்டுநர்தான். ஒத்தக்கல் மந்து (மந்து என்றால் தோடர் குடியிருப்பு) என்பதே உதகமண்டலம் ஆயிற்று என்று பலரும் சொல்வதுண்டு. அப்படிப் பார்த்தால், பெயரிலேயே கல்லை வைத்திருக்கும் ஊரில் கல் தேடுகிறவனை யாரும் வித்தியாசமாகப் பார்க்கக் கூடாது.

அதிக நேரம் போனது புனித ஸ்டீபன் தேவாலயத்தில். 1829இல் அடிக்கல் நாட்டி 1831 ஈஸ்டரன்று வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட இந்தக் கோயிலின் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்துத் திப்பு சுல்தான் அரண்மனையிலிருந்து கொண்டுவரப்பட்டவை. பின்னால் மேட்டில் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் சலிவனின் மனைவியும் மகளும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அங்கே வழவழப்பான பளிங்குப் பலகை ஒன்றைப் படமெடுக்க முயன்றபோது எழுத்துக்குப் பதிலாக என் முகமும் கைப்பேசியும் வானமுமே விழுந்தன. நான்கைந்து முறை இடம் மாறி நின்று பார்த்தும் பயனில்லை. ஓட்டுநர் வண்டிக்குப் போய்த் தம் கறுப்புக் குடையை எடுத்து வந்து, எனக்குப் பின்னால் விரித்துப் பிடித்தார். பலகையில் தெரிந்த வானம் இருண்டது. எழுத்து வரிவரியாக மேலே வந்தது. இத்தனை நாள் இந்தச் சின்ன வித்தை தெரியாமல் எத்தனை படங்களைக் கெடுத்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

சேரிங் கிராஸ் நீரூற்றைப் பத்தே நிமிடத்தில் முடித்துக்கொண்டோம். சென்னை மாகாண ஆளுநராக இருந்து 1881இல் ஊட்டியிலேயே இறந்துபோன வில்லியம் பேட்ரிக் ஆடமின் நினைவாக 1886இல் எழுப்பியது அது. சுற்றிலும் போக்குவரத்து இருப்பதால் ஆள் இல்லாமல் படமெடுக்க வேண்டுமானால் காலை ஏழு மணிக்கு முன் வர வேண்டும். ஆடமின் கல்லறை ஏரிக்கரைப் பக்கம் புனித தாமஸ் தேவாலயத்தில் இருக்கிறது. நீரூற்றையும் கல்லறையையும் ஒரே நாளில் பார்ப்பது நல்லது.

திரும்பும்போது குன்னூர் வழியாக வந்தோம். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் இடையே தேயிலைத் தோட்டத்து ஓரத்தில், பாதி மண்ணுக்குள் புதைந்த பழைய மைல்கல் ஒன்றைக் காட்டினார். நான் தனியாக வந்திருந்தால் அதைக் கவனித்திருக்கவே மாட்டேன். பாசியைச் சுரண்டுவதும், எழுத்தில் சாக்பீஸ் தேய்ப்பதும் கல்லைக் கெடுக்கும் என்பதால் நான் இரண்டையும் செய்வதில்லை. டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தபோது, வெட்டின் பள்ளத்தில் நிழல் விழுந்து ஓர் எண் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. ஊர்ப் பெயர் மண்ணுக்குக் கீழே போய்விட்டது.

இனி குறைகள். பின்பக்கக் கண்ணாடி ஒன்று முழுதாக ஏறவில்லை. தொட்டபெட்டா பக்கம் அடித்த குளிரில் அது சாதாரணத் தொல்லையாக இல்லை. நாள் வாடகை 3,500 ரூபாய் என்று பேசியிருக்க, மாலையில் காத்திருப்புக்கு 600 ரூபாய் தனியாகக் கேட்டார். நின்று நின்று போவதுதான் இந்தப் பயணம் என்று காலையிலேயே சொல்லியிருந்தேன் அல்லவா என்றதற்கு, “ஸ்டாண்டுல வெச்ச கணக்குங்க, நானா போடலை” என்றார். 300 ரூபாயில் முடிந்தது. ஏறுமுன்பே காத்திருப்பையும் பேட்டாவையும் சேர்த்துப் பேசிக்கொள்ளாதது என் பிழையும்தான். மற்றபடி, உணவுக்கு அவர் நிறுத்திய கடையைப் பற்றிச் சொல்ல நல்லதாக ஒன்றுமில்லை.

உள்ளூர் வண்டி எடுப்பதில் இன்னொரு வசதியும் உண்டு. 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு நீலகிரியில் இ-பாஸ் கட்டாயம். பேருந்தில் கோத்தகிரிக்கு ஏறி, மாவட்டப் பதிவெண் கொண்ட வண்டியை எடுத்தால் அந்த வேலை இல்லை. மதியத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கிவிடுவதால் திறந்தவெளிக் கற்களைக் காலையிலும் தேவாலயங்களைப் பிற்பகலிலும் வைத்துக்கொள்ளுங்கள். நான் மாற்றிச் செய்ததில் மைல்கல் படம் மங்கலாகத்தான் வந்தது.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். குறைத்த ஒன்று கண்ணாடிக்கும் கணக்குக்கும் சேர்த்து. மசினகுடிப் பக்கத்து நடுகற்களுக்கு இவரையே பேசியிருக்கிறேன், இந்த முறை காத்திருப்பும் சேர்த்து 4,500 ரூபாய் என்று வாய்விட்டுச் சொல்லி. குடையை மறக்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.