டொமைன் வணிகம்: சட்டமா, சொந்த நேர்மையா, பொது நடத்தை விதியா?

மதுரை தெற்கு மாசி வீதியில் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், தன் இணைய முகவரியைப் புதுப்பிக்கத் தவறிவிட்டார். நினைவூட்டல்கள், வேலையை விட்டுப்போன பையனின் மின்னஞ்சலுக்கே சென்றுகொண்டிருந்தன. யாரோ அந்தப் பெயரைப் பதிவு செய்து 1,10,000 ரூபாய் கேட்டார். நானும் டொமைன் எனப்படும் இணைய முகவரிப் பெயர்களை வாங்கி விற்பவன். "தம்பி, உங்கள் ஆட்களிடம் சொல்லிப் பாருங்களேன்" என்றார் அண்ணாச்சி. போய்ச் சொல்வதற்கு எனக்கு ஓர் இடம் இல்லை.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இணையப் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு 1999இல் கொண்டுவந்த யுடிஆர்பி என்ற தகராறு தீர்க்கும் நடைமுறையில், பெயர் தன் வணிகச் சின்னத்தை ஒத்திருக்கிறது, வைத்திருப்பவருக்கு அதில் உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்து பயன்படுத்துகிறார் என்ற மூன்றையும் புகார்தாரர் நிரூபிக்க வேண்டும். டாட் இன் (.in) என்று முடியும் பெயர்களுக்குத் தனி நடைமுறை உண்டு. அதில் பதிவு, பயன்பாடு இரண்டில் ஒன்றில் கெட்ட எண்ணம் இருந்தாலே போதும். டொமைன் பெயருக்கும் வணிகச் சின்னம் போன்ற பாதுகாப்பு உண்டு என்று சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004இல் சொல்லிவிட்டது. பெயரைப் பறித்துத் திருப்பித் தரும் வலிமை சட்டத்துக்கு மட்டுமே உண்டு. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் அந்த வலிமை யாருக்குக் கிடைக்கிறது? உலக அறிவுசார் சொத்து அமைப்பில் ஒரு நடுவர் முன் புகார் வைக்கவே 1,500 டாலர் கட்டணம். வழக்கறிஞர் செலவு தனி. அண்ணாச்சியிடம் கேட்ட தொகை அந்தக் கட்டணத்துக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. தற்செயல் என்று நான் நம்பவில்லை. மதுரை சுங்குடிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, மல்லிக்கும் 2013இல் கிடைத்தது. யுடிஆர்பியோ வணிகச் சின்னத்தை மட்டுமே பார்க்கும். ஊருக்கே சொந்தமான பெயர் அதன் கண்ணில் படாது.

அவரவர் நேர்மைக்கு விட்டுவிடலாம் என்பது அடுத்த வாதம். இயங்கிக்கொண்டிருக்கும் கடையின் பெயரை நான் தொடுவதில்லை. என்னைப் போல் பலர் உண்டு. மாட்டுச் சந்தையில் அச்சாரம் வாங்கியவர் அதே மாட்டை இன்னொருவருக்கு விற்கமாட்டார். எழுதிவைத்த விதி எதுவும் அங்கே இல்லை. அடுத்த சந்தையிலும் அதே முகங்களைப் பார்த்தாக வேண்டும், அவ்வளவுதான். எங்கள் தொழிலில் முகமே இல்லை. பதிவேட்டில் பெயரை மறைத்துக்கொள்ளலாம். முகம் தெரியாத இடத்தில் நாணயத்தை மட்டும் நம்புவது ஏமாளித்தனம்.

அதனால்தான் பொது விதியின் பக்கம் நிற்கிறேன். அமெரிக்காவில் 2006இல் தொடங்கிய இன்டர்நெட் காமர்ஸ் அசோசியேஷன் என்ற டொமைன் வணிகர் சங்கம் தன் உறுப்பினர்களுக்கு நடத்தை விதி வைத்திருக்கிறது. உறுப்பினர் அல்லாதவரை அது கட்டுப்படுத்தாது என்ற குறை உண்மை. ஆகவே விதி சங்கத்தோடு நிற்காமல், டொமைன் ஏலத் தளங்களின் ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும். மீறுபவர் அங்கே விற்க முடியாது என்றால் அதற்குப் பல் முளைக்கும்.

விதி நீளமாக இருக்கக் கூடாது. பிறர் சின்னத்தைக் குறிவைத்துப் பதிவு செய்யாதே. ஒப்புக்கொண்ட விலையை ஏற்றாதே. உன் ஏலத்தில் நீயே ஆள் வைத்துக் கேட்காதே. மறதியால் பெயரை இழந்த கடைக்காரர் 30 நாளுக்குள் வந்து கேட்டால், ஆன செலவை மட்டும் வாங்கிக்கொண்டு கொடுத்துவிடு. இந்தக் கடைசி விதிக்குத்தான் எதிர்ப்பு அதிகம் வரும். அதற்காகவே நான் வாதாடுவேன்.

விலைக்கு உச்சவரம்பு மட்டும் வேண்டாம். நல்ல பொதுச்சொல்லை முன்கூட்டியே கண்டு, ஆண்டுக்கணக்கில் பணம் கட்டிக் காத்தவர் தன் விலையைக் கேட்கட்டும். அப்படிப்பட்டவரைப் பெரிய நிறுவனம் பொய்ப் புகாரால் மிரட்டும்போது, விதிப்படி நடந்தவன் என்று காட்ட அவருக்கும் ஒரு பிடிமானம் கிடைக்கும். எழுதிவைத்தால் அதையே நமக்கு எதிராக நீதிமன்றத்தில் நீட்டுவார்கள் என்று நண்பர்கள் அஞ்சுகிறார்கள். மீறியவருக்கு எதிராக நீட்டட்டுமே.

அண்ணாச்சி பணம் கொடுக்கவில்லை. வேறு பெயர் பதிவு செய்திருக்கிறார். பழைய முகவரி அச்சிட்ட கட்டைப்பைகள் கடைப் பரணில் இன்னும் மூட்டையாகக் கிடக்கின்றன.