மடிப்பாக்கம் போர் தண்ணீரும் மூன்று ஹீட்டர்களும்

ஹீட்டர் வாங்கப் போனால் கடைக்காரர் எத்தனை லிட்டர், எத்தனை ஸ்டார் என்றுதான் ஆரம்பிப்பார். மடிப்பாக்கத்துக்குக் குடிவந்த பிறகு நான் கேட்பது வேறு. இதில் முதலில் எது போகும்? போனால் மாற்ற முடியுமா? எங்கள் தெருவில் எல்லோருக்கும் போர் தண்ணீர்தான். ஒரு வாரம் தேய்க்காமல் விட்டால் வாளியில் வெள்ளை வளையம் விழுந்துவிடும். அந்தத் தண்ணீரைத் தினமும் காய்ச்சும் மெஷினுக்குள் என்ன நடக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

எனக்குப் பழக்கமானவை மூன்று: எங்கள் குளியலறையில் 15 லிட்டர் டேங்க் ஹீட்டர், சமையலறை சிங்க்குக்கு மேலே 3 லிட்டர் இன்ஸ்டன்ட், பெரம்பூரில் அக்கா வீட்டு கேஸ் கீசர்.

டேங்க் ஹீட்டரைத் திறந்தால் உள்ளே பெரிதாக ஒன்றும் இருக்காது. தண்ணீரைக் காய்ச்சும் 2000 வாட்ஸ் எலிமென்ட், வைத்த சூடு வந்ததும் நிறுத்தும் தெர்மோஸ்டாட், சூடு மீறினால் கரன்டைத் துண்டிக்கும் கட்-அவுட், ஒரு மெக்னீசியம் ராட், இவற்றைச் சுமக்கும் டேங்க். டேங்க்கைத் தவிர எல்லாவற்றையும் மாற்றலாம். டேங்க்கில் ஓட்டை விழுந்துவிட்டால் காயலான் கடைதான்.

அந்த டேங்க்கைக் காப்பாற்றுவது நம்மில் பலர் பார்த்தே இராத மெக்னீசியம் ராட். அது தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. உப்பு கூடக்கூட வேகமாகக் கரையும். இரண்டரை வருஷம் கழித்து முதல்முறை திறந்தபோது என் ஹீட்டரில் ராட் இருந்த இடத்தில் ஒரு கம்பி மட்டும் மிச்சம். எலிமென்ட் சுண்ணாம்புக் கட்டிக்குள் புதைந்து கிடந்தது. "எலிமென்ட் மாத்தினா போதும் சார்" என்றார் மெக்கானிக். "ராடும் புதுசா போட்டுடுங்கண்ணே" என்றேன். அவருக்கே ஆச்சரியம், யாரும் கேட்பதில்லையாம். இப்போது வருஷத்துக்கு ஒருமுறை, மார்கழிக்கு முன்னால், திறந்து பார்த்துவிடுகிறேன். எலிமென்ட்டைக் கழற்றினால் கேஸ்கெட்டும் புதிதாகத்தான் போட வேண்டும். பழைய ரப்பரையே திரும்ப மாட்டினால் ஒரு மாதத்தில் சுவரெல்லாம் ஈரம்.

தண்ணீர் சூடாகவில்லை என்றதும் எலிமென்ட் போச்சு என்று முடிவு கட்டவும் வேண்டாம். மெயின் ஸ்விட்சை அணைத்து, ஒயரைக் கழற்றி, மல்டிமீட்டர் வைத்தால் 2000 வாட்ஸ் எலிமென்ட் சுமார் 26 ஓம் காட்ட வேண்டும். காட்டினால் எலிமென்ட் பிழைத்திருக்கிறது. தெர்மோஸ்டாட்டையோ கட்-அவுட்டையோ சந்தேகப்படுங்கள். எலிமென்ட்டுக்கும் அதன் உலோக உடம்புக்கும் நடுவில் மீட்டர் ஏதாவது காட்டினால்தான் ஆபத்து. ஷாக் அடிப்பதும் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் ஸ்விட்ச்) விழுவதும் அதனால்தான்.

உப்பு படிவதைக் குறைக்க எளிய வழி சூட்டைக் குறைப்பது. 60 டிகிரியைத் தாண்டினால் சுண்ணாம்பு வேகமாகப் படியும். சென்னைக் குளிருக்கு (குளிர் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது) 50, 55 தாராளம். 25 டிகிரி தண்ணீர் 15 லிட்டரை 55-க்குக் கொண்டுவர அரை யூனிட்டுக்குச் சற்று மேலே, பதினாறு நிமிஷம். காலை முழுக்க சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கத் தேவையில்லை.

இரண்டு விஷயத்தில் மெக்கானிக்கோடு சண்டை போட்டாலும் தப்பில்லை. உப்பை எடுக்க பாத்ரூம் ஆசிட்டை ஊற்றுவது ஒன்று. அது டேங்க்கின் உள்பூச்சையும் செம்பையும் சேர்த்து அரிக்கும். எலிமென்ட்டைக் கழற்றி சிட்ரிக் ஆசிட் கரைசலில் ஊறவைத்தால் போதும். இன்னொன்று, சொட்டுகிறது என்று பாதுகாப்பு வால்வை எடுத்துவிட்டு டம்மி போட்டு அடைப்பது. வால்வு கெட்டிருந்தால் புது வால்வு போடச் சொல்லுங்கள். அழுத்தம் வெளியேற இருக்கும் ஒரே வழி அதுதான்.

இன்ஸ்டன்ட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 3000 வாட்ஸ், 13 ஆம்பியர் இழுக்கும், ஆகவே ஒயரிங் தேறுமா என்று முதலில் பாருங்கள். டேங்க் சின்னது, எலிமென்ட் நெருக்கம், அதனால் உப்பு சீக்கிரம் அடைக்கும். பழுதானால் ரிப்பேர் செலவு புது மெஷின் விலையைத் தொட்டுவிடுகிறது. பாத்திரம் கழுவ மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கேஸ் கீசரின் கதை வேறு. குழாயைத் திறந்ததும் தண்ணீரின் அழுத்தம் உள்ளே ஒரு ரப்பர் டயாஃப்ரமைத் தள்ளும். அது ஒரு ஊசியைத் தள்ளி கேஸைத் திறக்கும். இரண்டு பெரிய பேட்டரி பொறி கொடுக்கும். கரன்ட் இல்லாத நேரத்திலும் வெந்நீர் வரும், அதுவும் உடனே வரும். பழுதாகும் பாகங்கள் மலிவானவை. பேட்டரியை நாமே மாற்றலாம், டயாஃப்ரம் கிழிந்தால் அரை மணி நேர வேலை. மேல்மாடி வீட்டில் மொட்டைமாடி டேங்க்கிலிருந்து அழுத்தம் போதாமல் பற்றிக்கொள்ளாமல் போவதுதான் அடிக்கடி வரும் புகார். அது மெஷின் கோளாறே அல்ல.

இங்கே உப்பு செய்யும் வேலை மோசமானது. ஊசியில் படிந்து அது சிக்கிக்கொண்டால் குழாயை மூடிய பிறகும் தீ எரியும். அடுத்து, தீயின் சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் தகடுகளுக்கு நடுவே கரி அடைத்தால் தீ நீலத்திலிருந்து மஞ்சளாகும், கார்பன் மோனாக்சைடு வரும். கசியும் எல்பிஜிக்கு மணம் சேர்த்திருக்கிறார்கள், மூக்கு சொல்லிவிடும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரும் இடத்தை அதைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் பிடித்துக்கொள்ளும். கதவைச் சாத்திக் குளிப்பவருக்குத் தலை சுற்றுவது தெரிவதற்குள் காலம் கடந்துவிடும். டேங்க் ஹீட்டர் கெட்டால் பெரும்பாலும் பச்சைத் தண்ணீரில் குளிப்பீர்கள், எர்த்தும் ஆர்சிசிபியும் ஒழுங்காக இருக்கும்வரை. இது கெட்டால் அப்படி இல்லை.

அக்கா வீட்டில் கீசர் குளியலறைக்குள்ளேயே மாட்டியிருந்தது. வென்டிலேட்டரில் கொசுவலை, வலையில் மூன்று வருஷ தூசி. தீ எந்த நிறம் என்று கேட்டேன். "கொஞ்சம் மஞ்சளாத்தான் இருக்கு" என்றார் மாமா, சாதாரணமாக.

குழாய் கேஸ் வந்த தெருக்களில் இன்னொரு சிக்கல். கேஸ் வெளிவரும் ஜெட் துளை சிலிண்டருக்குச் சின்னது, குழாய் கேஸுக்குப் பெரியது. ஜெட்டை மாற்றாமல் பழைய மெஷினை அப்படியே குழாய் கேஸில் இணைத்துக்கொடுப்பவரை நம்பாதீர்கள்.

சர்வீஸுக்கு யாரைக் கூப்பிடுவது என்றால், டேங்க் ஹீட்டருக்கு உத்தரவாதம் முடிந்தபின் தெருமுனை மெக்கானிக் போதும். எலிமென்ட், ராட், கேஸ்கெட் மூன்றையும் மாடல் எண் காட்டி நீங்களே வாங்கி வைத்துவிடுங்கள். கேஸுக்கு நான் கம்பெனி ஆளைத்தான் கூப்பிடுவேன், எத்தனை நாள் காக்கவைத்தாலும்.

மடிப்பாக்கம் மாதிரி இடத்தில், வருஷம் ஒருமுறை திறந்து பார்க்கப் பொறுமை இருந்தால் டேங்க் ஹீட்டர். கேஸ்தான் என்றால் பால்கனியில் மாட்ட இடம் இருக்க வேண்டும், இல்லையென்றால் வேண்டாம். அக்கா வீட்டில் அடுத்த ஞாயிறே பின்பக்க பால்கனிக்கு மாற்றிவிட்டோம். செம்புக் குழாய் நான்கு மீட்டர் கூடுதலாக ஆனது என்று மாமா இன்னும் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.